கீழ்த்தளக் கூடமும் ஒரு மனுவும்

சென்ற மாதம் எங்கள் ஊரில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டுக் கூட்டத்தின் முடிவில் ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. மாவட்ட மைய நூலகத்தின் கீழ்த்தளக் கூடத்தைப் போட்டித் தேர்வுக்குப் படிப்போர் முற்றாக ஆக்கிரமித்துவிட்டனர் என்றும், காலை எட்டு மணிக்கே பையை வைத்து இடம்பிடித்துவிடுவதால் 'உண்மையான வாசகர்களுக்கு' நாற்காலி கிடைப்பதில்லை என்றும், ஆகவே அவர்களை வேறிடத்துக்கு மாற்றிக் கூடத்தை வாசிப்புக்கு மீட்டுத்தர வேண்டும் என்றும் நூலக ஆணைக்குழுவுக்கு எழுதப்பட்ட மனு அது. முன்மொழிந்து பேசிய மூத்த நண்பர் நல்ல வாசகர். எங்களில் சிலருக்கு முதல் சிற்றிதழைக் கையில் கொடுத்தவர். "அவர்கள் படிப்பவர்கள் அல்லர், உருப்போடுகிறவர்கள்" என்றார். அரங்கில் பலத்த கைதட்டல். எங்களிலும் சிலர் தட்டினோம். அதை மறைப்பதில் பயனில்லை.

தட்டாதவர் எங்களில் ஒருவர் மட்டுமே. அவர் இயந்திரப் பொறியியல் படித்தவர். ஐ.இ.எஸ். என்று மாணவர்களிடையே வழங்கும் பொறியியல் பணித் தேர்வுக்காக அதே கூடத்தில் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்தவர். முதல்நிலைத் தேர்வை இருமுறை தாண்டி முதன்மைத் தேர்வில் நின்றுபோனவர். இப்போது திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு சிறு தொழிற்கூடத்தில் கொதிகலன் பாகங்களின் பற்றவைப்பைச் சோதிக்கும் வேலை பார்க்கிறார். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கையில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நான் வாசகனா இல்லையா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள்."

மனு எங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. நாங்கள் கையெழுத்திடப் போவதில்லை. காரணத்தை வாய்மொழியாகச் சொன்னால் அது நட்பு, மனத்தாங்கல் என்று வேறு பக்கம் போய்விடும் என்பதால் இங்கே எழுதிவைக்கிறோம்.

மூத்த நண்பரின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நூலகம் வாங்கும் நூல்களில் வழிகாட்டி நூல்களின் பங்கு பெருகினால் கவிதைக்கும் கதைக்கும் அது குறையத்தான் செய்யும். சிறு பதிப்பகங்கள் நூலக ஆணையை நம்பித்தான் மூச்சுவிடுகின்றன. ஆனால் இந்த வாதத்தை முன்வைக்கும் நமக்கு அதில் சொந்த நலன் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்களில் இருவருடைய கவிதைத் தொகுப்புகள் அந்த நூலகத்தின் மேல்தளத்தில் இருக்கின்றன. போய் எடுத்துப் பார்த்தோம். பின்னட்டைக்குள் ஒட்டிய தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை. இரண்டு அடுக்குகள் தள்ளி பி. கே. நாக் எழுதிய வெப்ப இயக்கவியல் நூல் இருக்கிறது. முதுகு பிய்ந்து, காக்கித் துணியில் மறுகட்டுமானம் செய்யப்பட்டு, அந்தக் கட்டும் தளர்ந்திருக்கிறது. உண்மையான வாசகர் யார் என்று தேதிச் சீட்டைக் கேட்டால் அது நமக்குச் சாதகமாகப் பேசாது.

அந்தக் கூடத்தில் ஒரு பகல் முழுதும் போய் உட்கார்ந்திருந்தோம். பெரும்பாலானோர் மாநிலத் தேர்வுகளுக்கும் வங்கித் தேர்வுகளுக்கும் படிப்பவர்கள். சன்னலோரம் இயந்திரப் பொறியியல்காரர்கள் நால்வர். அவர்களில் இருவர் பெண்கள். மேசையில் ஷிக்லியின் இயந்திர வடிவமைப்பு நூல், குர்மியின் தலையணை போன்ற வினாத் தொகுப்பு, நீராவி அட்டவணை அடங்கிய ஒரு சிறு நூல், கணக்குப் போடுவதற்காகக் கிழித்துக் கோத்த பழைய நாட்காட்டித் தாள்கள். மதியம் படிக்கட்டில் அமர்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். அவர்களில் ஒரு பெண் ஒரே பக்கத்தில் நாற்பது நிமிடம் இருந்தார். நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வெப்பநிலையையும் என்ட்ரோபியையும் அச்சுகளாக வைத்து வரைந்த ஒரு படம். அனல்மின் நிலையத்தில் நீராவி விசையாழிக்குள் விரிந்து, பாதியில் வெளியேறி, கொதிகலனுக்குத் திரும்பி மீண்டும் சூடேறி வருவதைக் காட்டும் படம். ஏன் அப்படிப் பாதியில் அழைத்து வந்து சூடேற்ற வேண்டும்? விரிந்துகொண்டே போனால் நீராவிக்குள் துளிகள் உண்டாகும். ஈரம் பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டைத் தாண்டினால் அந்தத் துளிகள் கடைசி வரிசை அலகுகளைச் சுத்தியல்போல் அடித்து அரித்துவிடும். படத்தில் ஒரு கோடு வலப்பக்கம் நகர்வதற்கு இதுதான் காரணம். அந்தக் கோட்டை விரலால் தொட்டுத் தொட்டு அவர் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு பக்கத்துக்கு அத்தனை நேரம் நாம் கடைசியாகக் கொடுத்தது எந்த நாவலில்?

'உருப்போடுதல்' என்ற சொல்லை அவ்வளவு எளிதாக வீசுகிறவர்கள் இந்தத் துறையின் முதல் நூல் எது, அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது. சாதி கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் 1824இல், தம் 28ஆம் வயதில், நெருப்பின் இயக்க ஆற்றலைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். நீர் உயரத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு விழும்போது சக்கரத்தைச் சுற்றுவதுபோல, வெப்பமும் உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தாழ்ந்ததற்கு 'விழும்போது'தான் வேலை பிறக்கிறது என்பது அதன் மையப் படிமம். ஆம், படிமம்தான், கவிதை விமரிசனத்தில் நாம் புழங்கும் அதே பொருளில். கணிதத்தைப் பெரிதும் ஒதுக்கிப் பொதுவாசகருக்காக எழுதப்பட்ட உரைநடை அது. வெப்பம் என்பது ஒருவகைப் பாய்மம் என்று அக்காலத்தில் நிலவிய தவறான நம்பிக்கையை வைத்துக்கொண்டே சரியான முடிவுக்கு வந்துசேர்ந்தார் என்பது தனி வியப்பு. நூலை அப்போது ஏறத்தாழ யாரும் கண்டுகொள்ளவில்லை. 1832இல் காலராவில் கார்னோ இறந்தார், வயது 36. அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1834இல், கிளாபேரோன் என்ற பொறியாளர் அதைத் தோண்டியெடுத்து வரைபடங்களோடு விளக்கி எழுதிய பிறகே அந்நூலுக்கு வாழ்வு வந்தது. சில நூறு பிரதிகள், கண்டுகொள்ளாத சூழல், இளமையில் மரணம், பின்னால் வந்த ஒருவர் மீட்டெடுத்தல். இது ஒரு தமிழ்க் கவிஞரின் கதையாக இருந்திருந்தால் நாம் சிறப்பிதழ் போட்டிருப்போம். சன்னலோரத்து நால்வரும் அன்றாடம் புழங்குவது இந்த மனிதரின் சிந்தனையைத்தான். அவர்களைப் பார்த்து நாம் 'வாசகர் அல்லர்' என்கிறோம்.

அவர்கள் பக்கம் பேசுவதாலேயே அவர்கள் எழுதும் தேர்வை நாங்கள் விதந்தோதப் போவதாக யாரும் எண்ண வேண்டாம். அந்தப் பெண் நாற்பது நிமிடம் வாசித்த பக்கத்துக்குத் தேர்வறையில் கிடைப்பது 72 விநாடி. கணக்கு எளியது. 2017 முதல் நடப்பிலுள்ள முறையில், முதல்நிலைத் தேர்வின் துறைசார் தாளில் 150 வினாக்கள். நேரம் 180 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு பிடித்தம். கணிப்பொறி கிடக்கட்டும், கையடக்கக் கணிப்பானுக்கே அனுமதியில்லை. பெட்ரோல் எஞ்சினுக்குரிய ஆட்டோ சுழற்சியில் அமுக்க விகிதம் 8 என்றால் திறன் எவ்வளவு என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். எட்டை 0.4 என்னும் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். எட்டு என்பது இரண்டின் மூன்றாம் அடுக்கு என்று கண்டு, அதை இரண்டின் 1.2 அடுக்காக மாற்றி, அது ஏறத்தாழ 2.3 என்று நினைவில் வைத்திருப்பவர் 56.5 விழுக்காடு என்று குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறார். வைத்திராதவர் அந்த எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவராகவே இருந்தாலும் பின்தங்குகிறார்.

கல்லூரியில் அவர்கள் பழகியது வேறு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஆசிரியர்கள் தொகுத்த வடிவமைப்புத் தரவுநூல் இந்தியாவின் பல பல்கலைக்கழகங்களில் தேர்வறைக்குள் எடுத்துச்செல்ல அனுமதிக்கப்படுவது. பற்சக்கரமோ திருகுவில்லோ வடிவமைக்கும் மாணவர் எந்த அட்டவணையை எதற்காகப் புரட்ட வேண்டும், அதிலுள்ள எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அறிந்திருக்க வேண்டுமே தவிர, அட்டவணையையே தலைக்குள் சுமக்க வேண்டியதில்லை. தொழிற்கூடத்திலும் அதுவே வழக்கம். நினைவிலிருந்து எண்ணை எடுத்துக் கொதிகலன் தகட்டின் தடிமனைத் தீர்மானிப்பவரை எந்த மேற்பார்வையாளரும் வேலையில் வைத்துக்கொள்ளமாட்டார். இந்த ஒழுக்கத்தை நான்கு ஆண்டு பழக்கிவிட்டு, அரசுப் பணிக்கான வாசலில் நூலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நினைவை மட்டும் சோதிக்கிறார்கள்.

முதன்மைத் தேர்வு இப்படியில்லை. மூன்று மூன்று மணி நேரம், ஒவ்வொன்றும் 300 மதிப்பெண் என இரண்டு தாள்கள், கணிப்பானுக்கு அனுமதியுண்டு, வழிமுறையை எழுதிக்காட்ட வேண்டும். எங்கள் நண்பர் அந்தத் தாள்களைப் பற்றிப் பேசும்போது குரலில் மரியாதை இருக்கிறது. அதில் தோற்றதைப் பற்றி அவருக்குப் புகாரே இல்லை. ஆனால் அந்த அறையை அடைவதற்கு முன்னால் 72 விநாடிச் சல்லடையில் பெரும்பான்மையோர் உதிர்ந்துவிடுகிறார்கள். தகுதியானவரைக் கண்டெடுப்பதைவிடக் கூட்டத்தைக் கழித்துக்கட்டுவதே அந்தச் சல்லடையின் வேலை.

அந்த வேலைக்குத் தோதாக வளர்ந்ததுதான் பயிற்சி நிலையத் தொழில். தில்லியில் ஐ.ஐ.டி.யைச் சுற்றியுள்ள கட்வாரியா சராய், காலு சராய் சந்துகளில் எங்கள் நண்பர் பதினொரு மாதம் இருந்தார். அங்கே கற்பிக்கப்பட்டவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறோம். வினாவில் 'ரிவர்சிபிள்' என்ற சொல்லைக் கண்டால் என்ட்ரோபி மாற்றம் பூச்சியம் என்ற விடையைத் தொட்டுவிடு என்பது ஒரு வகுப்பில் சொல்லப்பட்ட குறுக்குவழி. இது பிழை. வெப்பம் உள்ளேயும் வெளியேயும் போகாமல் மீள்முறையில் நிகழ்ந்தால்தான் அந்த வாயுவின் என்ட்ரோபி மாறாதிருக்கும். ஒரே வெப்பநிலையில் மீள்முறையில் விரியும் வாயுவின் என்ட்ரோபி கூடுகிறது. சுற்றுப்புறத்தில் அதே அளவு குறைகிறது. இரண்டையும் சேர்த்தால்தான் பூச்சியம். ஒரு சொல்லைக் கண்டதும் அதன் சூழலைப் பார்க்காமல் பொருள்கொள்ளுதல் என்ற இந்தப் பழக்கத்தை நாம் இலக்கிய விமரிசனத்தில் எத்தனை முறை கண்டித்திருக்கிறோம்! அவர்கள்மீது அது திணிக்கப்படுகிறது. நாமோ, வேறு அவசரம் ஏதுமின்றி, விரும்பியே செய்கிறோம்.

அடுத்த ஏளனம் இன்னும் பழையது. 'அரசாங்க உத்தியோகத்துக்கு ஏன் இந்தப் பறப்பு? அடிமைப் புத்தி' என்பது. கூட்டத்தில் இதையும் ஒருவர் சொன்னார், தம் ஓய்வூதியத்தில் வாங்கிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. தி. ஜானகிராமன் அகில இந்திய வானொலியில் பணியாற்றினார். நீல. பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தார். ஜெயமோகன் தொலைபேசித் துறையில் நெடுங்காலம் ஊழியர். மாதம் முடிந்தால் வரும் ஊதியமும் ஐந்து மணிக்குப் பிறகு தமக்கென்று ஒரு மாலையும் இல்லாதிருந்தால் நவீனத் தமிழ் உரைநடையில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் பார்க்க நமக்குத் துணிவுண்டா? அந்த மாலையைத்தான் இந்தப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு, ஆணை வராத மாதத்தில் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்படும் ஒப்பந்தப் பொறியாளரிடம் போய் சுதந்திரத்தின் மகிமையைப் பேச நாங்கள் தயாரில்லை. அன்றியும் இந்தத் தேர்வு கொடுப்பது கோப்புத் தள்ளும் நாற்காலி மட்டுமன்று. எல்லைச் சாலைகளில் பனியை வாரும் இயந்திரங்கள், நிலவியல் ஆய்வுத் துறையின் துளைப்பொறிகள், கடற்படைத் தளவாடங்களின் தரம் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்பவர்கள் இந்த வழியாக வருகிறார்கள்.

எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் வயிற்றைப் பிசைவது. குடிமை, இயந்திரம், மின், மின்னணு ஆகிய நான்கு பிரிவுகளுக்கும் சேர்த்து நாடு முழுமைக்கும் 2023ஆம் ஆண்டுத் தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் ஏறத்தாழ 327. 2024இல் 167. ஓராண்டில் பாதியாகிவிட்டது. 21 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுதான் பொதுப் பிரிவினருக்கு வாய்ப்பு. பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்றும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஐந்தும் ஆண்டுகள் கூடுதல். இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு கிடையாது. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும் இந்த விதிதான் 'இன்னும் ஒரு தடவை' என்று ஆளை 30 வரை இழுத்துக்கொண்டு போகிறது.

இயந்திரப் பொறியியல் படித்தவர்களுக்கு அந்த இடங்களில் ஈர்ப்பு மிகுந்தவை ரயில்வேயில் இருந்தவை. 2019 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ரயில்வேயின் எட்டு உயர்பணிகளையும் ஒரே மேலாண்மைப் பணியாக இணைக்க முடிவெடுத்தது. அதன் விளைவாக ரயில்வே இடங்கள் பொறியியல் பணித் தேர்வை விட்டு நீங்கின. தனித் தேர்வு என்றார்கள்; பிறகு குடிமைப் பணித் தேர்வின் வழியே என்றார்கள்; 2024 அக்டோபரில் பொறியியல் பணித் தேர்வின் வழியாகவும் எடுப்போம் என்று திரும்பி வந்தார்கள். அதற்காக 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த முதல்நிலைத் தேர்வு ஜூன் 8ஆம் நாளுக்குத் தள்ளிப்போனது. கோப்பில் இது ஒரு கொள்கைத் திருத்தம். இடைப்பட்ட ஆண்டுகளில் 30ஐத் தொட்டுவிட்ட ஒருவருக்கு இது என்னவென்று எங்கள் நண்பரிடம் கேட்டால் அவர் பதில் சொல்வதில்லை, பேச்சை மாற்றிவிடுவார்.

வேறுவகையில் ஆளெடுத்த வரலாறும் ரயில்வேக்கு உண்டு. பீகாரின் ஜமால்பூர்ப் பணிமனை 1862இல் தொடங்கியது. அங்கே 1927 முதல், பள்ளிப் படிப்பை முடித்த சில இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து நான்கு ஆண்டுகள் பணிமனைத் தரையிலேயே பழக்கி இயந்திரப் பொறியாளராக்கினார்கள். அதற்கும் தேர்வு உண்டு, கடுமையான தேர்வுதான். ஆனால் தேர்வுக்குப் பின் கற்பித்தல் வந்தது. ஒருவரை ஒன்பது ஆண்டு வாசலில் நிறுத்திவைக்கும் வழக்கம் இல்லை. அந்தச் சேர்க்கைக்கான தேர்வு 2015க்குப் பிறகு நடக்கவில்லை. அதை நிறுத்தியபோது ஒரு கண்டனக் கட்டுரையாவது நம் பக்கங்களில் வந்ததா? ஒரு பழைய திரையரங்கை இடித்தபோது நாம் எழுதிய இரங்கல்கள் நினைவுக்கு வருகின்றன.

இனி மொழி. இங்கேதான் நமக்கு நேரடிப் பொறுப்பு இருக்கிறது; இங்கேதான் நாம் வாய்மூடி இருக்கிறோம்.

பொறியியல் பணித் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே. விடையும் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும். இதை நடத்துவது மத்தியப் பணியாளர் தேர்வாணையம். அதே ஆணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வின் முதன்மைத் தாள்களை அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். அங்கே விருப்பப் பாடங்களின் பட்டியலில் இயந்திரப் பொறியியலும் இருக்கிறது. ஆக, விசையாழியைப் பற்றியும் பற்சக்கரத்தைப் பற்றியும் தமிழில் எழுதி ஒருவர் மாவட்ட ஆட்சியராகலாம் என்று விதி இடங்கொடுக்கிறது. பொறியாளராவதற்கு இடமில்லை! ஆட்சியர் தமிழில் சிந்திக்கலாம், கொதிகலன் சிந்திக்காது என்று நினைத்தார்கள் போலும்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிமைப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2021 முதல் பொறியியல் நுழைவுக்கான ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழிலும் எழுத முடிகிறது. நுழையும்போது தமிழ் இருக்கிறது, பயிலும்போதும் ஓரளவு இருக்கிறது, பணிக்கான வாசலில் காணாமற்போகிறது. மேற்படிப்புக்கும் பொதுத்துறை நிறுவன வேலைகளுக்கும் வழியான கேட் தேர்வும் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் படித்த பிள்ளை 72 விநாடியில் பாதியை ஆங்கில வாக்கியத்தின் எதிர்மறையை அவிழ்ப்பதில் செலவிடுகிறது. 'பின்வருவனவற்றுள் எது சரியற்றது அன்று' என்ற வகை வினாக்கள் வெப்பத்தைச் சோதிப்பவை அல்ல.

இதற்குத் தில்லியை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. நாளையே தமிழில் எழுதலாம் என்று ஆணை வந்தால் எதைப் படித்து எழுதுவார்கள்? பி.எஸ்.ஜி. கல்லூரியின் முதல்வராயிருந்த ஜி. ஆர். தாமோதரன் கோவையிலிருந்து 'கலைக்கதிர்' என்ற அறிவியல் இதழைத் தமிழில் நடத்தினார். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஒருகாலத்தில் கல்லூரி மட்டத்துக்கான பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தது. பெரியசாமித் தூரன் தலைமையில் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்து முடிந்தது 1968இல். இலக்கியவாதி ஒருவர் அறிவியல் கட்டுரைகளுக்கும் சேர்த்து வரிவரியாகப் பொறுப்பேற்ற காலம் அது. அதற்குப் பின் நாம் செய்தது என்ன? கலைச்சொல் சரியா தவறா என்று சண்டை போட்டோம். பிரெஞ்சுக் கோட்பாட்டாளர்களை அடிக்குறிப்போடு மொழிபெயர்த்தோம். அது தேவைதான், நாங்களும் செய்தோம். அதே பிரெஞ்சு மொழியின் கார்னோவை, பொதுவாசகருக்காக எழுதிய அந்த மெல்லிய நூலை, மொழிபெயர்க்க வேண்டும் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கீழ்த்தளக் கூடத்தில் ஒரு காட்சியைக் கண்டோம். நால்வரில் ஓர் இளைஞர் மற்றவருக்கு ஒரு தூண் எப்படி வளைந்து தோற்கும் என்பதை விளக்கிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் அளவுகோல். "ரெண்டு முனையும் சும்மா விரல்ல நிக்குது, இப்ப அமுக்கு. பாத்தியா, வயிறு தள்ளுது. இப்ப ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடி. அதே ஸ்கேல்தான், ஆனா நாலு பங்கு பாரம் தாங்கும்." ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டில் கண்ட விதி அது. தூய கலைச்சொல் ஒன்றுகூட இல்லாமல், பொருள் ஓர் இம்மி சிதறாமல், தமிழில் சொல்லப்பட்டது. 'வயிறு தள்ளுது' என்பதற்கு எந்த அகராதியும் இதைவிட நல்ல சொல் தராது. தொழில்நுட்பத் தமிழ் இன்று எங்கேனும் உயிரோடு இருக்கிறதென்றால் அந்தச் சன்னலோரத்தில் இருக்கிறது. அவர்களைத்தான் தமிழின் பெயரால் வெளியேற்ற மனு எழுதியிருக்கிறோம்.

நாற்காலி போதவில்லை என்பது உண்மை. அதற்கு நாற்காலி கேட்டு மனு எழுதலாம். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அத்தகைய பிரிவு எங்கள் ஊருக்கும் வேண்டும், இருக்கும் கூடத்தைப் பறிக்காமல், கூடுதலாக. இரவு எட்டு மணிக்கு மூடும் நூலகத்தைப் பத்துவரை திறந்துவைக்கச் சொல்லலாம். கழிப்பறையைச் சீராக்கச் சொல்லலாம். அந்த இரண்டு பெண்களும் நண்பகலுக்குப் பின் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள் என்பதை நாங்கள் கேட்டுத்தான் அறிந்தோம். பி. கே. நாக் நூலின் இன்னும் மூன்று பிரதிகள் வாங்கச் சொல்லலாம். இந்த நான்கையும் எழுதிய வேறொரு மனுவைத் தயாரித்திருக்கிறோம். மூத்த நண்பருக்கும் ஒரு படி அனுப்பியாயிற்று. அவர் கையெழுத்திடுவார் என்றே நம்புகிறோம். எங்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

எங்கள் நண்பர் கட்வாரியா சராயிலிருந்து கொண்டுவந்த ஏழு குறிப்பேடுகளைச் சென்ற ஞாயிறன்று அந்தச் சன்னலோர மேசையில் கொடுத்துவிட்டு வந்தார். கொடுப்பதற்கு முன் இரண்டு இரவுகள் உட்கார்ந்து, 'ரிவர்சிபிள்' என்று தொடங்கும் அந்தக் குறுக்குவழியை எங்கெல்லாம் எழுதியிருந்தாரோ அங்கெல்லாம் சிவப்பு மையால் அடித்து ஓரத்தில் திருத்தி எழுதியிருந்தார்.